சென்னை – சான்பிரான்சிஸ்கோ: கிழக்கே போவதா, மேற்கே போவதா?

சென்னைக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தேடினால், 13,900 கிலோமீட்டர் என்ற எண்ணும், அதை விமானத்தின் சராசரி வேகத்தால் வகுத்த சுமார் 17 மணி நேரம் என்ற கணக்கும் உடனே வந்து விழும். இரண்டும் கணக்களவில் சரிதான். ஆனால் இந்த இரு நகரங்களையும் நேரடியாக இணைக்கும் விமானச் சேவை இல்லாததால், அந்த 17 மணி நேரம் எந்தப் பயணிக்கும் வாய்ப்பதில்லை. மகனையோ மகளையோ பார்க்கப் புறப்படும் பெற்றோருக்கு வேண்டியது வேறொரு கணக்கு. எந்த ஊரில் இறங்கி மாறுவது, எந்தப் பகுதி நீளமானது, போகும்போது எவ்வளவு, வரும்போது எவ்வளவு என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் அம்மாவை மூன்று முறை மூன்று வெவ்வேறு வழிகளில் அனுப்பிய பிறகு, இந்தக் கணக்கைப் பொறுமையாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

உலக உருண்டையில் ஒரு நூல்

இரு நகரங்களுக்கும் இடையிலான தீர்க்கரேகை வேறுபாடு கிழக்கு நோக்கி எண்ணினால் 157 பாகை, மேற்கு நோக்கி எண்ணினால் 203 பாகை. ஏறக்குறைய உலகின் மறுபக்கம் என்பதால்தான், துபாய் வழியாகப் போகிறவரும் சிங்கப்பூர் வழியாகப் போகிறவரும் எதிரெதிர்த் திசையில் கிளம்பி ஒரே ஊரில் போய் இறங்க முடிகிறது. பூமியில் இவ்வளவு தள்ளியிருக்கும் ஊர்களுக்கு இந்த வாய்ப்பு உண்டு. சென்னையிலிருந்து லண்டனுக்குப் போகிறவர் டோக்கியோ வழியாகப் போக நினைப்பதே இல்லை.

சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தைப் பார்த்தால், சென்னையிலிருந்து பசிபிக் கடலைக் குறுக்காகக் கடப்பதுதான் நேர்வழி என்று தோன்றும். உலக உருண்டை ஒன்றை எடுத்து இரு ஊர்களிலும் விரல் வைத்து நூலை இழுத்துப் பிடித்தால் உண்மை தெரியும். அந்த நூல் சென்னையிலிருந்து ஏறத்தாழ வடக்கு நோக்கியே கிளம்பி, ஒடிசாவைத் தொட்டு, எவரெஸ்ட் சிகரத்தை ஒட்டி இமயத்தைக் கடந்து, திபெத், மங்கோலியா, கிழக்கு சைபீரியா எனப் போய், ஆசியாவும் அமெரிக்காவும் நெருங்கும் பேரிங் நீரிணைக்கு மேலாக அலாஸ்காவில் நுழைந்து, அங்கிருந்து கலிபோர்னியாவுக்கு இறங்குகிறது. இதை முதன்முதலில் கணக்கிட்டுப் பார்த்தபோது, நான் எதிர்பார்த்த கடல் எங்கே என்று சற்று நேரம் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த நூலின் மேலேயே ஒரு விமானத்தை ஓட்டிவிட முடியாது. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிட்டால், விமானி சில நிமிடங்களில் சுமார் 10,000 அடி உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். பயணிகளின் தலைக்கு மேலிருந்து தொங்கும் முகமூடிகள் தரும் ஆக்சிஜன் பொதுவாகக் கால்மணி நேரம் போலத்தான் தாங்கும். திபெத் பீடபூமியின் தரையே அந்த உயரத்தைவிட மேலே இருப்பதால், அங்கே இறங்குவதற்கு இடமே இல்லை. இதனுடன் நாடுகளின் வான்வெளித் தடைகளும் சேர்கின்றன. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. ஆகவே 13,900 என்ற எண் ஓர் அளவுகோலாக மட்டுமே பயன்படும். ஒவ்வொரு வழியும் அதைவிட எவ்வளவு சுற்று என்று பார்க்க அது உதவும்.

எந்த வழி எவ்வளவு சுற்று?

சென்னையிலிருந்து ஒரே ஓர் ஊரில் மாறிப் போகக்கூடிய வழிகளில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன். ஹாங்காங் வழியாகப் போனால் முதல் பகுதி சுமார் 3,710 கி.மீ., இரண்டாம் பகுதி சுமார் 11,110 கி.மீ.; கூட்டினால் 14,800 சொச்சம். நேர்வழியைவிட ஏறத்தாழ 900 கி.மீ. மட்டுமே கூடுதல் என்பதால், தூரத்தில் இதற்குப் போட்டியே இல்லை. துபாய் வழியாக 2,930-உம் 13,040-உம் சேர்ந்து 15,970 கி.மீ. ஆகிறது. சிங்கப்பூர் வழியாக 2,920-உம் 13,590-உம் சேர்ந்து 16,500 கி.மீ. பிராங்பர்ட் வழியாக 7,600-உம் 9,150-உம் சேர்ந்து 16,750 கி.மீ. லண்டன் வழியாக 8,230-உம் 8,630-உம் சேர்ந்து 16,860 கி.மீ. இவையெல்லாம் நகரத்துக்கு நகரம் குறுக்குத் தூரங்கள். உண்மையில் பறக்கும் பாதை நாளுக்கு நாள் காற்றையும் அனுமதியையும் பொறுத்து இதைவிடக் கூடும்.

இந்த எண்களில் துபாய் வழி என்னை மிகவும் வியக்க வைத்தது. துபாயும் சான்பிரான்சிஸ்கோவும் தீர்க்கரேகைக் கணக்கில் கிட்டத்தட்ட 178 பாகை தள்ளி நிற்கின்றன. அதனால் அவற்றுக்கிடையேயான மிகக் குறுகிய பாதை, வட துருவத்திலிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவில் செல்கிறது. மேற்கே போகிறோம் என்று நினைத்து வளைகுடாவில் மாறுகிறவர், அங்கிருந்து உண்மையில் வடக்கே ஏறி, உலகின் உச்சியைக் கடந்து, தெற்கே இறங்குகிறார்.

தூரம் ஒன்று சொல்ல, காற்று வேறொன்று சொல்கிறது

தூரத்தில் ஹாங்காங்குக்கும் லண்டனுக்கும் உள்ள இடைவெளி சுமார் 2,000 கி.மீ.; வேகத்தால் வகுத்தால் இரண்டேகால் மணி நேர வித்தியாசம் வர வேண்டும். போகும் பயணத்தில் உண்மையான வித்தியாசம் அதைவிட அதிகம். காரணம் காற்று. தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரும் காற்றோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று அழைக்கப்படும் இது குளிர்காலத்தில் மிகவும் வலுக்கும். ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக் கடலின் மேல் மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் வீசுவது அரிதன்று. கிழக்கே பறக்கும் விமானத்தை இது பின்னாலிருந்து தள்ளுகிறது. மேற்கே பறப்பதை எதிரே நின்று தடுக்கிறது.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டெல்லி – சான்பிரான்சிஸ்கோ நேரடிச் சேவையைத் தொடங்கியபோது, விமானம் அட்லாண்டிக் பக்கமாகச் சென்றது; பாதை சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அதை பசிபிக் பக்கமாக மாற்றினார்கள். பாதை சுமார் 15,300 கி.மீ. ஆக நீண்டது, ஆனால் பயண நேரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைந்து, பதினான்கரை மணி நேரத்தில் வந்து நின்றது. 1,400 கி.மீ. அதிகமாகப் பறந்து முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள். தூரத்தை மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

வானில் இருக்கும் நேரத்தைக் கால அட்டவணைகளின்படி தோராயமாக எடுத்துக்கொண்டால், போகும்போது ஹாங்காங் வழியில் ஐந்தரை மணி நேரமும் பன்னிரண்டரை மணி நேரமும் சேர்ந்து 18 மணி நேரம் ஆகிறது. சிங்கப்பூர் வழியில் நாலேகாலும் பதினைந்தும் சேர்ந்து பத்தொன்பதேகால். துபாய் வழியில் நான்கும் பதினாறும் சேர்ந்து 20. பிராங்பர்ட் வழியில் பத்தும் பதினொன்றரையும் சேர்ந்து இருபத்தொன்றரை. லண்டன் வழியில் இருபத்திரண்டுக்குச் சற்றுக் குறைவு. துபாயைவிட 500 கி.மீ. அதிகம் பறக்கும் சிங்கப்பூர் வழி, நேரத்தில் அதை முந்திவிடுவதைக் கவனிக்கலாம்.

திரும்பி வரும்போது நிலைமை தலைகீழாகிறது. பயணச்சீட்டு எடுக்கும்போது பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து மேற்கே பசிபிக்கைக் கடக்கும்போது அதே காற்று முகத்தில் அடிக்கிறது. பன்னிரண்டரை மணி நேரமாக இருந்த ஹாங்காங் பகுதி ஏறத்தாழ பதினான்கரையிலிருந்து பதினைந்து மணி நேரமாகிறது. சிங்கப்பூர்ப் பகுதி பதினைந்திலிருந்து பதினேழைத் தாண்டுகிறது. மறுபுறம், சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும் விமானம் கிழக்கே பறப்பதால், பதினொன்றரை மணி நேரம் பதினொன்றுக்குக் கீழே இறங்குகிறது. அங்கிருந்து சென்னைக்கு வருவதும் கிழக்கே என்பதால் அதிலும் அரைமணி, முக்கால்மணி மிச்சமாகிறது. கூட்டிப் பார்த்தால், திரும்பும் வழியில் ஹாங்காங், பிராங்பர்ட், லண்டன் மூன்றும் இருபதிலிருந்து இருபத்தொரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. சிங்கப்பூர் கடைசி இடத்துக்குப் போய்விடுகிறது. துருவத்தை ஒட்டிச் செல்லும் துபாய் வழிக்குக் காற்றின் லாபமும் குறைவு, நட்டமும் குறைவு. போகவும் வரவும் ஏறக்குறைய ஒரே நேரம்.

நாற்காலியில் இருக்கும் மனிதருக்கு எது நல்லது?

மொத்த நேரத்தைவிட, ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அம்மாவின் முதல் பயணம் பதினாறு மணி நேரப் பகுதி கொண்டது. நடு இருக்கை. இரண்டு பக்கமும் உறங்குகிறவர்களை எழுப்பக் கூச்சப்பட்டு, தண்ணீரையே குறைத்துக்கொண்டு, மொத்தமாக இரண்டு முறைதான் எழுந்திருக்கிறார். இறங்கியபோது கணுக்கால் வரை வீங்கி, காலில் போட்டுவந்த செருப்பின் வார் ஏறவில்லை. ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி சக்கர நாற்காலியில் வெளியே வந்தார். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காரும் பயணத்தில் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவர்கள் எச்சரிப்பதை அன்றுதான் பொருட்படுத்திப் படித்தேன்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் வரிசை மாறுகிறது. நேரத்தில் கடைசியாக நின்ற பிராங்பர்ட்டும் லண்டனும் பயணத்தை ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிக்கின்றன. பத்துப் பதினோரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு இறங்கி, நடந்து, முகம் கழுவி, மறுபடி ஏறலாம். துபாயும் சிங்கப்பூரும் இதற்கு நேர்மாறு: முதலில் நான்கு மணி நேரம், உடம்பு பயணத்துக்குப் பழகும் முன்பே ஒரு மாற்றம், பிறகு பதினைந்து பதினாறு மணி நேரம் ஒரே அமர்வு. ஹாங்காங் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. போகும்போது அதன் நீண்ட பகுதி பன்னிரண்டரை மணி நேரம்தான்.

விமானத்தின் வகையையும் பார்ப்பது நல்லது. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதுபோல் இருப்பதில்லை. பழைய வகை விமானங்களில் அது 8,000 அடி உயரத்தில், அதாவது ஊட்டியைவிடச் சற்று உயரமான இடத்தில், இருக்கும் அளவுக்குக் குறையலாம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றில் அதிகபட்சம் சுமார் 6,000 அடியில், கிட்டத்தட்ட குன்னூர் உயரத்தில், நிறுத்துகிறார்கள். பதினைந்து மணி நேரம் ஊட்டிக்கு மேலே இருப்பதற்கும் குன்னூரில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு, மூச்சுத் தொந்தரவோ இதய நோயோ உள்ளவருக்குச் சிறியதன்று. முன்பதிவு செய்யும்போதே விமான வகை திரையில் காட்டப்படுகிறது, பார்க்கிறவர்கள்தான் குறைவு.

மாறும் இடம்

வானில் மிச்சப்படுத்திய இரண்டு மணி நேரத்தைத் தரையில் தொலைப்பது எளிது. அம்மாவின் இரண்டாவது பயணத்தில், மொத்த நேரம் குறைவாகக் காட்டிய பயணச்சீட்டை நான்தான் ஆர்வத்தோடு எடுத்தேன். மாறுவதற்கு ஒரு மணி பத்து நிமிடம் இருந்தது. முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதம். சக்கர நாற்காலி தள்ளுபவர் வந்துசேர்ந்தபோது அடுத்த விமானத்தின் கதவு மூடியிருந்தது. ஓர் இரவு முழுவதும் விமான நிலைய நாற்காலியில் புளியோதரைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள்தான் அவர் கிளம்பினார். இரண்டு பகுதிகளும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருந்ததால் மாற்று விமானத்தைக் கட்டணமின்றிக் கொடுத்தார்கள். தனித்தனியாக எடுத்த இரண்டு மலிவான சீட்டுகளாக இருந்திருந்தால், இரண்டாவது சீட்டின் பணம் போயிருக்கும். அதற்குப் பிறகு, பெரியவர்களுக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

சான்பிரான்சிஸ்கோவுக்கு நேரே போகும் விமானத்துக்கும், அமெரிக்காவுக்குள் வேறொரு நகரத்தில் இறங்கி உள்நாட்டு விமானம் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசமும் முக்கியமானது. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிவரவுச் சோதனையை முடித்து, பெட்டிகளை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டும். தனியாகப் போகும் அறுபத்தைந்து வயதுக்காரரிடம் இதை ஒப்படைப்பது நியாயமன்று. மாறும் ஊர் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் பெட்டி தானாகவே அடுத்த விமானத்துக்குப் போய்விடுகிறது. ஐரோப்பிய வழிகளில் இந்தியக் கடவுச்சீட்டுக்கான இடைவழி விசா விதிகள் அவ்வப்போது மாறுவதால், பணம் கட்டும் முன் அந்த வாரத்தின் விதியைப் படித்துவிட வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்தவர் தனியாகப் போகிறார் என்றால் சிங்கப்பூருக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் அகப்படுவார் என்ற நம்பிக்கையே பலருக்குப் பாதி தைரியம். வளைகுடா வழிக்கு வேறொரு கவலை இருக்கிறது. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது, அந்த வட்டாரம் முழுவதும் விமானங்கள் திசை திருப்பப்பட்டன. இத்தகைய நாள்கள் அரிதாக வருபவைதான். ஆனாலும் போர்ப் பதற்றம் உள்ள வாரங்களில் பெரியவர்களை அந்த வழியில் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

மாறவே வேண்டாம் என்பவர்களுக்கு இந்தியாவிலிருந்து நேரடி விமானம் என்ற வழியும் பேசப்படுகிறது. 2021 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பறந்து பெங்களூரில் இறங்கிய ஏர் இந்தியாவின் முதல் விமானத்தைப் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டினார்கள். நேர்த் தூரம் சுமார் 14,000 கி.மீ., பயணம் பதினேழு மணி நேரம் போல. சென்னைக்காரருக்கு அந்தச் சேவை பெங்களூர் வரை சுமார் 350 கி.மீ. சாலை அல்லது இரயில் பயணத்தையும் சேர்த்துக்கொண்டே வந்தது. உட்காரும் நேரத்திலும் எந்தச் சலுகையும் இருக்கவில்லை. இத்தகைய மிக நீண்ட சேவைகள் எரிபொருள் விலைக்கும் வான்வெளித் தடைகளுக்கும் ஏற்ப நிறுத்தப்படுவதும் இடைவழியில் இறக்கப்படுவதும் உண்டு என்பதால், பயண நாளுக்கான அட்டவணையைப் பார்க்காமல் இதை நம்பித் திட்டமிடக் கூடாது.

கடிகாரம் காட்டும் மாயம்

பயணச்சீட்டில் இருக்கும் புறப்பாடு, வருகை நேரங்களைக் கழித்துப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். கோடைக்கால நேரக் கணக்கில் சிங்கப்பூர் சான்பிரான்சிஸ்கோவைவிட 15 மணி நேரம் முன்னே இருக்கிறது. விமானமும் ஏறத்தாழ 15 மணி நேரம்தான் எடுக்கிறது. எனவே ஞாயிறு காலை 9 மணிக்குச் சிங்கப்பூரில் ஏறியவர், சர்வதேச தேதிக்கோட்டைக் கடந்து, அதே ஞாயிறு காலை 9 மணிக்குச் சான்பிரான்சிஸ்கோவில் இறங்குகிறார். திரும்பும்போது இந்தக் கடன் வசூலாகிவிடுகிறது. வெள்ளி காலை கிளம்புகிறவர் சனி மாலைக்குள் சிங்கப்பூரை அடைந்தாலே அதிகம்.

உறக்கக் கோளாறைப் பொறுத்தவரை, கிழக்கு வழிக்கும் மேற்கு வழிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சென்னைக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் வித்தியாசம். பகல் அப்படியே இரவாகிறது. எந்தப் பக்கமாகப் போனாலும் உடம்பு அரைநாளை முன்னே தள்ளவோ பின்னே இழுக்கவோதான் வேண்டும். இறங்கும் நேரம் மட்டும் உதவக்கூடும். மாலையில் இறங்கினால் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். காலை 9 மணிக்கு இறங்கினால் ஒரு முழுப் பகலைக் கண்ணைத் திறந்தபடி ஓட்டியாக வேண்டும்.

இந்த முறை எடுத்த சீட்டு

இளையவர், தனியாக, கைப்பெட்டியோடு போகிறார் என்றால் துபாயோ சிங்கப்பூரோ கட்டணம் குறைந்த எதுவும் சரிதான். பெரியவர்களுக்கு என் தேர்வு வேறு: போகும்போது ஹாங்காங், வரும்போது லண்டன் அல்லது பிராங்பர்ட். போகும்போதும் வரும்போதும் காற்று முதுகில் இருக்கும். எந்தப் பகுதியும் பதின்மூன்று மணி நேரத்தைத் தாண்டாது. பயணம் முடியும்போது உலகத்தை ஒரு முழுச் சுற்று கிழக்காகவே சுற்றி வந்திருப்பார்கள். ஹாங்காங்கின் கேத்தே பசிபிக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஒன்வேர்ல்டு என்ற ஒரே கூட்டணியில் இருப்பதால், இரண்டையும் ஒரே பயணச்சீட்டில் சேர்த்துத் தரும்படி முகவரிடம் கேட்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் லுஃப்தான்சாவும் ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியில் இருக்கின்றன. தமிழ்த் துணை வேண்டியவர்களுக்கு அந்த இணை பொருந்தும். கட்டணம் ஒரே வழியில் போய்வருவதைவிடக் கூடலாம். எங்கள் வீட்டில் அந்தக் கூடுதலைத் தந்துவிடுவது என்று முடிவெடுத்தோம்.

அம்மாவின் மூன்றாவது பயணம் அப்படித்தான் அமைந்தது. நடைபாதை ஓர இருக்கை, ஹாங்காங்கில் மூன்று மணி நேர இடைவெளி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்கச் சொல்லிக் கைப்பேசியில் வைத்த அலாரம். வெளிவாசலில் நான் முதலில் பார்த்தது அவர் கால்களைத்தான். இரண்டு செருப்பும் காலிலேயே இருந்தன.